விற்பவரைப் பூட்டினீர்கள்; வாங்கியவருக்கு என்ன பதில்?

மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பகுதிச் சங்க உறுப்பினர்களுக்கும் பொதுமக்களுக்கும்:

இணைய விற்பனைத் தளம் ஒன்று, அதில் பாய் விற்ற ஒருவரின் கணக்கை முடக்கிய நாளிலிருந்து நம் வாட்ஸ்அப் குழு பட்ட பாடு உறுப்பினர்களுக்குத் தெரியும். விற்பவர் பக்கமா, வாங்கியவர் பக்கமா என்று இரண்டு கட்சியானது; சிலர் குழுவை விட்டே போய்விட்டார்கள். செயற்குழு மூன்று முறை கூடி, வரிக்கு வரி அடித்துத் திருத்தி, பெரும்பான்மைக் கருத்தாக இதை வெளியிடுகிறது.

தன் வழியாக விற்பவரின் கணக்கை முடக்க விற்பனைத் தளத்துக்கு உரிமை உண்டு. போலிச் சரக்கைத் தடுக்க அது சில நேரம் அவசியமும்கூட என்பதைச் செயற்குழு கொள்கையளவில் ஏற்கிறது. ஆனால் முடக்கும் நாளுக்கு முன்பே அந்த விற்பவரிடம் காசு கொடுத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வரித் தகவல்கூடப் போவதில்லை. நம் கோபமெல்லாம் இதில்தான்.

மணிமுத்தாறு உறுப்பினர் ஒருவர் தன் கைபேசியைக் கூட்டத்தில் சுற்றுக்கு விட்டார். வெந்நீர் போட இணையத்தில் வாங்கிய ஹீட்டர் ராடு, மூன்றாவது வாரத்தில் ஷாக் அடித்திருக்கிறது. பில்லில் ஓராண்டு வாரண்டி என்று இருக்கிறது. விற்பவர் பெயரைத் தொட்டால், 'இந்தப் பக்கம் இப்போது கிடைக்கவில்லை'. தளத்தின் உதவிப் பகுதியில் எழுதிக் கேட்டால், 'வாரண்டிக்கு விற்பவரைத் தொடர்புகொள்ளவும்'. எந்த விற்பவரை? அவர் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதே நீங்கள்தானே! நான்கு முறை கேட்டார். நான்கு முறையும் அதே வரி. ஐந்தாவதாக, 'எங்கள் சேவை எப்படி இருந்தது?' என்று ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. (இந்த இடத்தில் வரைவில் இருந்த ஒரு சொல்லைச் செயற்குழு நீக்கிவிட்டது.)

அந்த ராடை விற்றவரின் கணக்கு ஏன் முடக்கப்பட்டது? வரிக் காகிதத்தில் ஏதோ குறை என்றால் வாங்கியவர் பயப்பட ஒன்றுமில்லை. ராடு ஆபத்தானது என்பதால்தான் முடக்கினார்கள் என்றால்? அதே ராடை வாங்கிய வீடுகளில் இன்று காலையும் பக்கெட்டில் தண்ணீர் கொதித்திருக்கும். காரணம் தளத்துக்குத் தெரியும். வாங்கியவரின் முகவரி, கைபேசி எண் எல்லாம் அதனிடம் இருக்கின்றன. தீபாவளித் தள்ளுபடிக்கு நாளொன்றுக்கு மூன்று குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்களுக்கு இதற்கு ஒன்று அனுப்பத் தெரியாதா? காய்கறிக் கமிஷன் மண்டியில்கூட, ஒருவர் சரக்கு சரியில்லை என்று நிறுத்தினால் நேற்று எடுத்துப் போனவரிடம் மண்டிக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிடுவார். தரகு வாங்கியவருக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

இது நாம் புதிதாகக் கேட்பதும் அல்ல. பொருளின் தரத்தையும் தன்மையையும் தெரிந்துகொள்வதை உரிமை என்றே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2022 ஆகஸ்டில், கட்டாயத் தரநிர்ணயத்துக்கு இணங்காத பிரஷர் குக்கர்கள் விற்கப்பட்ட வழக்கில், விற்பனையான 2,265 குக்கர்களையும் வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, திரும்பப் பெற்று, பணத்தைத் தரும்படி அமேசானுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அதே மாதம் பிளிப்கார்ட்டுக்கு 598 குக்கர்கள் தொடர்பாக அதே மாதிரி உத்தரவு. அமேசான் அந்த விற்பனையில் பெற்ற கட்டணம் 6 லட்சம் ரூபாய்க்கு மேல். விதித்த அபராதம் 1 லட்சம். அமேசான் அதையும் எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. ஆணையம் தலையிட்டால்தான் தகவல் வரும் என்பது நியாயமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில், சட்டவிரோதப் பொருள் விற்கப்பட்டது தெரியவந்தால், முந்தைய 6 மாதங்களில் வாங்கியவர்களுக்குத் தளமே தெரிவிக்க வேண்டும். நம் 2020 மின்வணிக விதிகளில் அப்படி ஒரு கடமை இல்லை. விற்பவர் கைவிட்டால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற பிரிவு 2021 ஜூனில் வரைவாக வந்தது. வரைவாகவே நிற்கிறது.

ஆகவே நம் நிலைப்பாடு: கணக்கை முடக்கிய உடனே, வாரண்டியோ திருப்பித் தரும் காலமோ மீதமுள்ள எல்லா வாடிக்கையாளருக்கும் தமிழிலும் தகவல் போக வேண்டும், பாதுகாப்புக் குறைதான் காரணம் என்றால் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். விற்பவர் இல்லாத இடத்தில் வாரண்டிக்குத் தளமே பொறுப்பு. வந்துசேராத பொருளுக்குப் பணம் தாமதமின்றித் திரும்ப வேண்டும்.

தளத்தில் விற்கும் பத்தமடைப் பாய் நெய்பவரையும் கல்லிடைக்குறிச்சி அப்பளம் போடுபவரையும் அத்தளத்தின் முன் நுகர்வோராகக் கருதலாமா என்பதில் செயற்குழு ஒருமனதாக இல்லை. வணிகர் நுகர்வோர் அல்ல என்பதில் சுயதொழில் பிழைப்புக்குச் சட்டம் தரும் விலக்கு இவர்களுக்கும் பொருந்தும் என்பது ஒரு சாரார் கருத்து. இந்தக் கேள்வி இயன்றவரை விரைவில் தனியாகப் பரிசீலிக்கப்படும். காரணம் சொல்லாமல் யார் பிழைப்பையும் நிறுத்தக் கூடாது என்பதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை.

உறுப்பினர்கள் பில், ஆர்டர் எண், விற்பவர் பெயர் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள். பக்கம் மறைந்த பிறகு கிடைக்காது. முதலில் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்: 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது விதி. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வழக்குக்குத் தளத்தின் அலுவலகம் இருக்கும் ஊருக்குப் போக வேண்டாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, திருநெல்வேலி மாவட்டக் குறைதீர் ஆணையத்தில், 2 ஆண்டுக்குள் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. மனு எழுத நம் சங்கத்தில் ஆள் இருக்கிறது, காகிதங்களோடு வாருங்கள்.

— செயற்குழு