எந்த மொழியில் சம்மதம்?

கங்காதர நெல்லூர் பக்கம் ஒருவருக்குத் தலையில் பலத்த அடி என்றால் வீட்டார் முன் நிற்கும் முதல் கேள்வி, "திருப்பதியா, வேலூரா?" என்பதுதான். திருப்பதி என்றால் ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரி, வேலூர் என்றால் சி.எம்.சி. எங்கே கொண்டுபோனாலும் ஆபரேஷன் என்று முடிவானதும் ஒரு தாள் வரும், கூடவே பேனாவும் வரும்.

சித்தூர் மாவட்டத்தின் இந்த எல்லையோரத்தில் வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு படித்தவர்கள் நிறையப் பேர். நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் சம்மதப் படிவம் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. மொழிபெயர்த்த படிவங்களும் பெரிதாக உதவுவதில்லை. "மூளையில ரத்தம் கட்டியிருக்கு" என்றால் யாருக்கும் புரியும். அதற்கான ஆபரேஷனை "கபாலத் திறப்பு அறுவைச் சிகிச்சை" என்று எழுதி நீட்டினால் தமிழாசிரியரே இரண்டு முறை படிக்க வேண்டும்.

நள்ளிரவில் ரத்தக்கட்டோடு வருபவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்க முடியுமா என்று டாக்டர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்குச் சட்டம் ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. உயிர் ஊசலாடும்போது சம்மதத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. போலீஸ் சம்பிரதாயங்களைக் காட்டி அவசர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் 1989-இல் பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உயிர் காக்கும் அவசரத்தில் சம்மதமில்லாமல் வெட்டியதற்காக எந்த டாக்டரும் பயப்பட வேண்டியதில்லை. சிக்கல், நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களில். மூளைக் கட்டிக்கு அடுத்த வாரம் தேதி கொடுத்துவிட்டு, முந்தின நாள் ராத்திரி வார்டில் கையெழுத்து வாங்குவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

கையெழுத்து யாருடையது என்பது அடுத்த குழப்பம். 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் தீர்ப்பு வந்தது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த 44 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே காத்திருந்த தாயிடம் கேட்டுக்கொண்டு எடுத்துவிட்டார்கள். தாயின் சம்மதம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். சிகிச்சை என்ன, பலன் என்ன, முக்கியமான ஆபத்துகள் எவை, வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளியிடமே சொல்லியிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இழப்பீடு வெறும் 25,000 ரூபாய். தீர்ப்பின் எடை பெரிது, தொகை சிறிது. ஆனால் 2002-இன் மருத்துவ நெறிமுறை விதி 7.16-ஐப் பாருங்கள். யாரிடம் சம்மதம் வாங்குவது என்ற வரிசையில் கணவன் அல்லது மனைவி முதலில் வருகிறார், நோயாளி கடைசியில். நம் வீடுகளின் பழக்கமும் அதுதான். மாமாவும் சித்தப்பாவும் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கட்டி யார் தலையில் இருக்கிறதோ அவருக்கு விஷயம் கடைசியில்தான் தெரியும்.

வீட்டாரே முடிவெடுக்கும் இந்தப் பழக்கத்தின் விபரீத எல்லையை மெட்ராஸ் பார்த்திருக்கிறது. 1960-களில் தொடங்கி, பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம் ஆகியோரின் குழு, மூர்க்கமாக நடந்துகொண்டவர்களின் மூளையில் அமிக்டலா போன்ற பகுதிகளில் சிறு இடத்தை அழிக்கும் ஆபரேஷனைச் செய்துவந்தது. 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட கணக்கு 603 ஆபரேஷன்கள். நோயாளிகளில் சிறுவர்களும் உண்டு. ராமமூர்த்தி இந்திய நரம்பறுவைத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். அப்போது பல நாடுகளில் இத்தகைய முயற்சிகள் நடந்தன. அவரை வில்லனாக்குவது அற்பத்தனம். ஆனாலும் அந்த 603-இல் எத்தனை சம்மதம் நோயாளியுடையது, எத்தனை அவரைச் சமாளிக்க முடியாமல் களைத்துப்போன வீட்டினுடையது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்த பிறகு, மனநோய்க்கான மூளை ஆபரேஷனுக்கு நோயாளியின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். மற்ற மூளை ஆபரேஷன்களுக்கு அந்த ஒற்றைத் தாள் மட்டுமே காவல்.

மீண்டும் மொழிக்கு வருவோம். வேலூரில் 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். நோயாளியை விழிப்பாக வைத்து, பேசவிட்டபடியே மூளையில் பேச்சுக்குரிய இடங்களைக் குறித்துக்கொள்ளும் முறையால் பெயர்பெற்றவர் பென்ஃபீல்ட். இன்றும் பேச்சுப் பகுதியை ஒட்டிய கட்டிகளுக்கு அந்த முறை கைகொடுக்கிறது. இரு மொழி பேசுபவரின் மூளையில் சில இடங்கள் ஒரு மொழிக்கு மட்டும் முக்கியமாக இருக்கலாம் என்று ஓஜ்மன், விட்டேக்கர் இருவரும் 1978-இலேயே காட்டினார்கள். கங்காதர நெல்லூர்க்காரரைத் தெலுங்கில் மட்டும் சோதித்து வெட்டினால், அவர் பேத்தியைக் கொஞ்சும் தமிழுக்கு என்ன ஆகும்? மேஜையில் படுத்திருக்கும்போதே இரண்டு மொழியிலும் பேசிப் பார்க்க வேண்டிய மனிதரிடம், படுக்கும் முன் ஒரு மொழியிலாவது உருப்படியாகப் பேச வேண்டாமா?

ஆந்திர அரசும் தமிழக அரசும் சேர்ந்தால் இது பெரிய செலவுள்ள காரியமல்ல. பத்து நிமிட ஒலிப்பதிவு போதும்: சித்தூர்த் தெலுங்கில் ஒன்று, இந்தப் பக்கத்துத் தமிழில் ஒன்று, ஆபரேஷன் தேதி குறிக்கும் அன்றே நோயாளியின் போனுக்கு. மறுநாள் கேள்விகளோடு வரச்சொல்லி, அவற்றுக்குப் பதில் சொன்ன பிறகே கையெழுத்து.

அதுவரை கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன.