புயலுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டியது

பேரிடரில் மாடு பறிகொடுத்தவருக்கு அரசு தரும் உதவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாதான் நினைவுக்கு வருகிறது.

அந்த மாநிலத்தின் மேற்கே, மீட் கவுண்டி போன்ற இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேய்ச்சல் நிலம்தான். 2013 அக்டோபர் முதல் வாரத்தில் அங்கே ‘அட்லஸ்’ பனிப்புயல் வீசியது. குளிர்காலம் பிறக்காததால் மாடுகள் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன. குளிரைத் தாங்கும் அடர்ந்த ரோமம் அவற்றுக்கு இன்னும் வளரவில்லை. மணிக்கணக்கில் பெய்த மழை தோல்வரை நனைத்தது. அதன்மேல் பனி கொட்டியது, சூறைக்காற்று அடித்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்த மாடுகள், பனி மூடிய வேலிகளைத் தாண்டிப்போய் ஓடைகளிலும் பள்ளங்களிலும் விழுந்தன. பல்லாயிரம் மாடுகள் மடிந்தன. வசந்தத்தில் பிறந்த கன்றுகளை விற்று ஆண்டு வருமானத்தைப் பார்க்கும் பருவம் அது. இறந்த பசுக்கள் பலவும் சினையாக இருந்தன.

இழப்பைப் பதிவு செய்யப் போனால், வேளாண் துறையின் கவுண்டி அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பட்ஜெட் சண்டையில் அக்டோபர் 1 முதல் 16 நாட்கள் மத்திய அரசே முடங்கியிருந்தது. அதைவிடக் கொடுமை, கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011 செப்டம்பரிலேயே காலாவதியாகியிருந்தது. புதிய வேளாண் சட்டமோ நாடாளுமன்றத்தில் இழுபறியில் கிடந்தது.

‘என்றைக்காவது உதவி வரும், ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள்’ என்பதுதான் மாடு வளர்ப்போருக்குக் கிடைத்த ஆலோசனை. தாங்கள் வளர்த்த மாடுகளின் சடலங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார்கள். காதுவில்லை எண்ணையும் சூட்டுக்குறியையும் எழுதி வைத்தார்கள்.

2014 பிப்ரவரியில் சட்டம் வந்தது. 2011 அக்டோபர் முதல் ஏற்பட்ட இழப்புகளுக்கும் சேர்த்து, சந்தை விலையில் 75 சதவீதம் கிடைக்க வழி பிறந்தது. திட்டமும் நிரந்தரமானது. ஆனால் விண்ணப்பம் வாங்கத் தொடங்கியதே ஏப்ரல் 15-இல்தான். இடைப்பட்ட அந்த ஆறு மாதத்தில் கைகொடுத்தவர்கள் சக விவசாயிகள். மான்டானா முதலிய மாநிலங்களிலிருந்து கிடாரிகளை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

அந்த அன்பு மகத்தானது. ஆனால் அதை நம்பி அரசு சும்மா இருந்துவிடக் கூடாது. பால் பணத்தில் குடும்பம் நடத்துபவருக்கு மாடு போன மறுநாளே கை வறண்டுவிடும். வங்கித் தவணை காத்திருக்காது. எவ்வளவு தருவோம், யாரிடம் கேட்க வேண்டும், எத்தனை நாளில் தருவோம் என்பதெல்லாம் மேகம் திரளும் முன்பே சட்டத்தில் இருக்க வேண்டும். செத்த மாட்டுக்காக ஒருவர் அலுவலகப் படியேறி இறைஞ்சும் நிலை எந்த நாட்டிலும் வரக்கூடாது.

2023 மிக்ஜாம் புயலையொட்டித் தமிழக அரசு நிவாரணத்தை மாட்டுக்கு 37,500 ரூபாயாகவும் ஆட்டுக்கு 4,000 ரூபாயாகவும் உயர்த்தியது நல்ல செய்தி. அதைப் பெறுவதற்கும் ஆதாரம் வேண்டும். எனவே மழைக்காலத்துக்கு முன்பே உங்கள் மாடுகளைக் காதுவில்லை தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பு நிவாரணம் கேட்டு விண்ணப்பித்தவர்கள், அது எத்தனை நாளில் கைக்கு வந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்