கழுத்திலே ஒரு சிக்கல்!

சிக்கல் என்றதும் பலருக்கு நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல்தான் ஞாபகத்துக்கு வரும். நாம் இப்போது போகப் போவது ராமநாதபுரம் மாவட்டத்துச் சிக்கலுக்கு. கடலாடி வட்டத்தில் உள்ள ஊர். கண்மாயும், கருவேலங்காடும், மிளகாய்க் கொல்லையும் நிறைந்த சீமை.

இந்த ஊரில் ஒரு வீட்டை மனக் கண்ணால் பாருங்கள்.

காலை நேரம். வீட்டுக்காரருக்கு வயது 60. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். திடீரென்று டம்ளர் கையை விட்டு நழுவுகிறது. வலது கை மரத்துப் போகிறது. ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். நாக்குக் குழறுகிறது.

"என்னங்க! என்ன செய்யுது?" என்று மனைவி பதறுகிறாள்.

பத்து நிமிடம் போகிறது. கை பழையபடி அசைகிறது. பேச்சும் தெளிவாக வருகிறது.

"ஒண்ணுமில்லே, புள்ளே. பித்தமா இருக்கும். ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்" என்கிறார் அவர்.

சோடா வருகிறது. குடிக்கிறார். மாலையில் கொல்லைக்கும் போய் வருகிறார். வீடு நிம்மதி அடைகிறது.

இங்கேதான் தப்பு நடக்கிறது!

இப்படி வந்து போவது பெரும்பாலும் பக்கவாதம் அனுப்பும் ஓலை. "நான் பின்னால் வருகிறேன்" என்று அது சொல்லிவிட்டுப் போகிறது. ஓலை வந்த பிறகு முதல் இரண்டு நாட்கள்தான் ஆபத்து மிகவும் அதிகம். அந்த இரண்டு நாளும் சோடாவில் கழிந்துவிடுகிறது.

வாய்க்காலில் வண்டல்

மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் பெரிய குழாய்கள் நான்கு. கழுத்தின் முன்பக்கத்தில் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. பின்பக்கத்தில், கழுத்தெலும்பை ஒட்டி இரண்டு. முன்பக்கத்துக் குழாய்கள்தான் பெரியவை. குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை மெதுவாக வைத்தால் துடிக்கிறதே, அந்தக் குழாய்தான்.

இந்தக் குழாய் தாடைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்குப் போகிறது. மற்றொரு கிளை மூளைக்கும் கண்ணுக்கும் போகிறது.

கண்மாய்ப் பாசனம் செய்கிறவர்களுக்கு ஒன்று தெரியும். வாய்க்கால் பிரிகிற இடத்தில் வண்டல் தங்கும். உடம்பிலும் அப்படித்தான். ரத்தக் குழாய் பிரிகிற இடத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. ஆண்டுக் கணக்கில் படிந்து, குழாய் குறுகிப் போகிறது. வலி இராது. ஆள் நன்றாகவே நடமாடுவார்.

ஒரு நாள் அந்தப் படிவிலிருந்து ஒரு துணுக்குப் பெயர்கிறது. அல்லது அதன் மேல் உறைந்த ரத்தக் கட்டி பெயர்கிறது. ரத்தத்தோடு மேலே போய், மூளையின் சிறு குழாயை அடைக்கிறது. இடது பக்க மூளை வலது கை, கால்களை ஆட்டி வைக்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சும் அதே பக்கத்தில்தான். ஆகையால் கை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது. துணுக்கு கண்ணுக்குப் போனால் ஒரு கண்ணில் திரை விழுந்தது போல் இருட்டும்.

அடைப்புத் தானாகக் கரைந்தால் எல்லாம் சரியாகிவிடும். கரையாவிட்டால்? ஆள் படுத்த படுக்கைதான்.

திண்ணையில் இருந்தவருக்கு அன்று கரைந்துவிட்டது. அடுத்த தடவையும் கரையும் என்று யார் எழுதிக் கொடுப்பது?

பஸ் சொல்லும் பாடம்

சரி, கழுத்தை அறுக்காமல் உள்ளே இருக்கும் வண்டலை எப்படிப் பார்ப்பது?

சிக்கல் சாலையில் நின்று கொண்டிருக்கிறீர்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கொண்டே வருகிறது. நம்மை நோக்கி வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கிறது. நம்மைக் கடந்து போனதும் அதே சத்தம் தணிந்து கேட்கிறது. டிரைவர் ஹாரனை மாற்றவில்லை. பஸ் வருகிறதா, போகிறதா, எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் அந்தச் சத்தமே சொல்லிவிடுகிறது.

இந்த உண்மையை 1842-ல் பிராக் நகரத்தில் எடுத்துச் சொன்னவர் டாப்ளர் என்ற அறிஞர். அவர் சொன்னதை ஹாலந்து நாட்டில் 1845-ல் சோதித்துப் பார்த்தார்கள். எப்படித் தெரியுமா? ரெயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஊதச் சொன்னார்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சங்கீதம் தெரிந்தவர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார்கள். டாப்ளர் சொன்னது சரியாக இருந்தது!

1950-களில் ஜப்பானில், ஒசாகா நகரத்தில், சாடொமுரா என்ற விஞ்ஞானி இதே வித்தையை மனித உடம்பில் காட்டினார். காதுக்குக் கேட்காத நுண்ணொலியை உடம்புக்குள் அனுப்பினார். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பிய ஒலியைக் கொண்டு, ரத்தம் ஓடுவதை அறிந்தார். 1970-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஸ்ட்ராண்ட்னெஸ் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். குழாயின் படம், ரத்தத்தின் வேகம் இரண்டையும் அந்த ஒரே கருவியில் பார்க்க முடிந்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் "டாப்ளர் ஸ்கான்" என்று சொல்வது அதன் வாரிசுதான்.

கத்தி இல்லை, ஊசி இல்லை

ஸ்கான் என்றதும் சிலர் பயப்படுகிறார்கள். இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. மல்லாந்து படுக்க வேண்டும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்வார்கள். ஜில்லென்று ஒரு பசை தடவுவார்கள். சிறு கருவி ஒன்றைக் கழுத்தின் மேல் வைத்து நகர்த்துவார்கள். எக்ஸ்ரே கிடையாது. வலி கிடையாது. அரை மணி நேரத்தில் எழுந்து வரலாம்.

திரையில் சிவப்பும் நீலமும் தெரியும். நல்ல ரத்தம் சிவப்பு, கெட்ட ரத்தம் நீலம் என்று எண்ண வேண்டாம். ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காட்டும் அடையாளம் அது. "விஷ்... விஷ்..." என்று ஒரு சத்தமும் கேட்கும். அது ரத்தத்தின் ஓட்டம்.

மடை குறுகினால் தண்ணீர் சீறிப் பாயும் அல்லவா? ரத்தமும் அப்படியே. வேகத்தை அளந்தால், குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று கணக்கிடலாம். அமெரிக்க ஸ்கான் நிபுணர்கள் 2003-ல் இதற்கு ஒரு அளவு வகுத்தார்கள். மூளைக்குப் போகும் கிளையில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.க்குள் இருந்தால் பெரிய அடைப்பு இல்லை. 125-ஐத் தாண்டினால் பாதிக்கு மேல் குறுகியிருக்கலாம். 230-ஐத் தாண்டினால் 70 சதவிகிதமோ, அதற்கு மேலோ குறுகியிருக்கலாம்.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. குழாய் ஏறக்குறைய மூடிவிட்டால் வேகம் குறைந்து போகும். மடை அடைபட்டால் சொட்டுத்தானே வரும்! எண்ணை மட்டும் பார்த்து "நல்லது" என்று சொல்லிவிட முடியாது. ஆகையால் கருவி இருந்தால் போதாது. பழகிய கையும், படித்த கண்ணும் வேண்டும்.

பார்த்து என்ன லாபம்?

லாபம் உண்டு. 1991-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளியாயிற்று. குழாய் 70 சதவிகிதமோ அதற்கு மேலோ குறுகி, இப்படி ஓலையோ லேசான பக்கவாதமோ வந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து மட்டும். மற்றொரு பிரிவுக்கு மருந்தோடு, படிவை எடுக்கும் ஆபரேஷனும் செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில், மருந்து மட்டும் உண்டவர்களில் 100-க்கு 26 பேருக்கு அந்தப் பக்கத்துப் பக்கவாதம் வந்தது. ஆபரேஷன் செய்து கொண்டவர்களில் 100-க்கு 9 பேருக்குத்தான் வந்தது.

இப்போது மருந்துகள் அன்றைவிட மேலானவை. ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், ஆபரேஷன் தேவைப்படுகிறவருக்கு அதை இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் முழுப் பலன். "தை அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப் போட்டால் பலன் தேய்ந்துவிடும்.

எல்லோரும் ஓட வேண்டாம்!

இவ்வளவும் படித்துவிட்டு, நாளைக்கே எல்லோரும் கழுத்து ஸ்கானுக்கு ஓட வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை தேவை இல்லை. அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2014-லும், மறுபடி 2021-லும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இல்லாத அடைப்பை இருப்பதாகக் காட்டி, வேண்டாத ஆபரேஷனில் கொண்டு போய் விடக் கூடும். "முழு உடல் சோதனை" என்ற பெயரில் இதையும் சேர்த்துப் பணம் வாங்கினால், "எனக்கு எதற்கு?" என்று கேளுங்கள்.

கழுத்துக் குழாய் சுத்தமாக இருந்தாலும் பக்கவாதம் வரலாம். இருதயத்திலிருந்து கட்டி வரலாம். மண்டைக்குள் இருக்கும் குழாயே குறுகலாம். இந்தியர்களிடம் இந்தக் கோளாறு நிறையவே உண்டு. ஆகையால் கழுத்து ஸ்கானோடு மூளை ஸ்கானும், இருதயச் சோதனையும் தேவைப்படும்.

கை விழுந்து, விழுந்தபடியே இருந்தால் கழுத்து ஸ்கானைத் தேடி அலையவே கூடாது. அது உயிருக்கு ஆபத்தான நேரம். கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, மூளை ஸ்கான் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிக்கலை அவிழ்ப்பது எப்படி?

பட்டணத்தில் இருப்பவருக்கு ஓலை வந்தால், தெருக் கோடியில் டாக்டர் இருக்கிறார். சிக்கல்காரருக்கு? பஸ் ஏறி ராமநாதபுரம் போக வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தாண்டி மதுரை. இதற்குள் எத்தனை நாள் கூலி போகும்? அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் அவர் சோடா குடிக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. வழியைச் சுருக்க வேண்டும்.

கருவியை ஊர் ஊராகத் தூக்கிக் கொண்டு வரலாமே என்று கேட்கலாம். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது. அதன்படி ஸ்கான் கருவிகளைப் பதிவு செய்ய வேண்டும். நினைத்த இடத்துக்கு எடுத்துப் போக முடியாது. பெண் குழந்தைகளைக் காக்கும் சட்டம் அது. அதைத் தளர்த்தச் சொல்வது சரியல்ல. கருவி வராது, ஆகவே நோயாளி சீக்கிரம் கருவியிடம் போக வேண்டும்.

அதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம். மாத்திரை கொண்டு வரும் பெண் மூன்று கேள்விகள் கேட்கட்டும். "திடீர்னு கை கால் விழுந்து சரியாச்சா? பேச்சுக் குழறுச்சா? ஒரு கண்ணு இருட்டுச்சா?" ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும், அன்றைக்கே ஒரு சீட்டு எழுதி அனுப்பட்டும்.

ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அந்தச் சீட்டோடு வருகிறவருக்கு அங்கே அன்றே மூளை ஸ்கானும், கழுத்து ஸ்கானும் எடுக்க வேண்டும். "நாளைக்கு வா" என்ற பேச்சே கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் இது பொருந்த வேண்டும். பக்கவாதம் விடுமுறை பார்த்து வருவதில்லை!

நம் பங்கும் உண்டு. பீடி, சிகரெட்டை விட வேண்டும். பக்கத்து வாலிநோக்கத்தில் உப்பு விளைகிறது என்பதற்காகக் கருவாடும் ஊறுகாயும் அளவு மீறக் கூடாது. கொதிப்பு மாத்திரையை "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தக் கூடாது.

ஆண்கள் இதைப் படித்துவிட்டு மறந்து போகலாம். வீட்டுத் தாய்மார்கள் மறக்க வேண்டாம். அடுத்த முறை டம்ளர் நழுவி, பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டால், சோடாவுக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

"கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு!" என்று சொல்லுங்கள்.