மண்வெட்டியைப் பறிக்க வேண்டாம்

நீரிழிவு நோய் உறுதியானதும் பல வீடுகளில் இனிப்புக்கு முன்பாகவே தோட்ட வேலை நின்றுவிடுகிறது. "அப்பா இனி மண்ணில் இறங்கக் கூடாது" என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டு, எங்கள் ஒப்புதலைப் பெற வருகின்றனர். அவர்களது அச்சத்தில் நியாயம் உண்டு. உணர்ச்சி மரத்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. புண்ணான பின்பே பலர் எங்களிடம் வருகின்றனர். ஆயினும் நிறுத்த வேண்டியது வெறுங்காலுடன் இறங்குவதை மட்டுமே என்பது எங்கள் கருத்து.

எங்களிடமும் குறை உண்டு. வாரம் 150 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறோம். கொத்துவதும் களையெடுப்பதும் அக்கணக்கில் சேரும் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

தை மாதம், மழை ஓய்ந்தபின், இனிப்பு மக்காச்சோளமும் முலாம்பழமும் விதைக்க ஏற்ற காலம். மண்வாழ் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்னும் நோய் நீரிழிவு உள்ளவர்களையே மிகுதியும் தாக்குகிறது; அதன் ஆபத்து ஈர மண்ணிலும் மழைக்காலத்திலும் அதிகம். ஆதலால் தை விதைப்பு எங்களுக்கும் உவப்பானதே. மக்காச்சோளத்துக்குக் காற்றே மகரந்தம் சேர்க்கிறது. ஒற்றை வரிசையாக நட்டால் கதிரில் மணி சரியாகப் பிடிக்காது. இரண்டடி இடைவெளியில் நான்கு குறுகிய வரிசைகளாகச் சதுரப் பாத்தியில் நடுவது நன்று. முலாம்பழக் கொடியைத் தரையில் படர விட்டால், இலை மறைவில் முள்ளோ கண்ணாடிச் சில்லோ கிடப்பது தெரியாது. கொடியைப் பந்தலில் ஏற்றி, பழத்துக்குத் துணியால் தூளி கட்டிவிடலாம்.

எம்.சி.ஆர். காலணி அணிந்தே இறங்க வேண்டும். அணியுமுன் உள்ளே கல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் வெறும் வயிற்றில் மண்வெட்டியைத் தொடலாகாது. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

இனி உண்பது பற்றி. மக்காச்சோளத்தைக் காய்கறிக் கணக்கில் வைத்துப் பலர் ஏமாறுகின்றனர். அதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 19 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ளன. முலாம்பழத்தில் 8 கிராம்தான். கதிர் உண்ணும் வேளையில் சோற்றையோ இட்லியையோ குறைத்தாக வேண்டும். பறித்த கதிரை வைத்திருந்தால் சர்க்கரை மாவுச்சத்தாக மாறி இனிப்பு குறையும். அது நல்லதுதானே என்று ஓர் அன்பர் எங்களிடம் கேட்டார். இல்லை, மாவுச்சத்தும் உடலுக்குள் சர்க்கரையாகத்தான் மாறும். எனவே நுனிக்குஞ்சம் பழுத்து, மணியைக் கிள்ளினால் பால் வரும் பருவத்தில் பறித்து, அன்றே அவித்துச் சுவையாக உண்ணலாம். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள், இரண்டிலும் பொட்டாசியம் இருப்பதால், அளவைக் கேட்டறிந்தே உண்ண வேண்டும்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது தோட்டத்துக்கு அணியும் காலணியையும் எடுத்து வாருங்கள். பாதத்தோடு அதையும் பார்க்கிறோம்.