பணத்துக்கு நிறமில்லையாம்!

வட்டிக்கும் நாணய மதிப்புக்கும் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமே கிடையாது என்று சொல்கிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால், 1967-இல் நடந்ததை நாம் மறக்கவில்லை.

அவ்வாண்டு ஜூன் 12-இல் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. பழைய நாணய வாரியத்தின் நோட்டும் அதற்குச் சமமாகவே செல்லுபடியாகி வந்தது. ஐந்து மாதம் சென்றது. நவம்பர் 18-இல் பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40-க்கு இறக்கியது. புதிய வெள்ளி அசையவில்லை. பழைய வெள்ளிக்கு ஈடான சொத்தோ லண்டனில் பவுனாகக் கிடந்தது. ஆகவே அது 85 காசாகச் சுருங்கியது. பழைய நோட்டில் 100 வெள்ளி வைத்திருந்தவருக்கு 15 வெள்ளி போயிற்று! அந்தப் பவுனைச் சம்பாதித்துக் கொடுத்தது எது? நாம் வெட்டிய ரப்பரும், இந்நாட்டு ஈயமும் அல்லவா?

பாங்கியில் கணக்கு வைத்திருந்தவரின் இருப்பு புதிய வெள்ளியில் நின்றது, அவருக்குச் சேதமில்லை. பழைய நோட்டை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தவர் யார்? லயத்துத் தொழிலாளி, கம்பத்து மலாய் விவசாயி, சீனச் சிறுவியாபாரி! பாங்கி பட்டணத்தில், தோட்டமோ காட்டுக்குள். விடியுமுன் பிரட்டுக்கு ஓடுகிறவர் பாங்கி வாசலை எப்போது மிதிப்பார்?

உத்தரவில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் ஓரினத்தைத் தோட்டத்திலும் மற்றோரினத்தை வயலிலும் நிறுத்தி வைத்தது காலனி ஆட்சி. நிறுத்திய இடம் பார்த்து அடி விழுந்தது.

நவம்பர் 24-இல் பினாங்கில் நடந்த ஹர்த்தால் பணத்துக்காகத் தொடங்கியது; இனக் கலவரமாக முடிந்தது. உயிர்கள் பலியாயின. 15 காசு இழந்தவனும் 15 காசு இழந்தவனும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்! இதைவிடக் கொடுமை உண்டா?

இன்று பழைய நோட்டு இல்லை. கணக்கு மட்டும் மாறவில்லை. 2020 ஜூலையில் பேங்க் நெகாரா வட்டியை 1.75 சதவீதத்துக்குக் குறைத்தது. வீட்டுக் கடன் உள்ளவருக்குச் சுமை இறங்கியது. தலைமுறை தலைமுறையாக நிர்வாகத்தின் லயத்தில் வாழ்ந்து, சொந்தக் கூரையில்லாமல் நிற்பவருக்கு எது இறங்கியது? வெள்ளியின் மதிப்பு சரிந்தால், வெளிநாட்டிலிருந்து வரும் பருப்பும் வெங்காயமும் விலையேறும். அந்த ஏற்றம் மட்டும் தவறாமல் நம் அடுப்படிக்கு வந்துவிடுகிறது!

வட்டி ஏறவே கூடாது, இறங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முடிவெடுப்பதற்கு முன், எந்த வீட்டில் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் பார்க்கச் சொல்கிறோம். விலைவாசியோடு கூலியும் ஏற வேண்டும். தோட்டத் தொழிலாளிக்குச் சொந்த வீடு வேண்டும். இவை பிச்சையல்ல, பாக்கி!

கிராணித் தோழர்களே! கணக்கு எழுதும் கை உங்களுடையது. இந்தக் கணக்கை ஒவ்வொரு லயத்திலும் விளக்குங்கள். பால்வெட்டும் தோழர்களே! இழந்தவன் எந்த இனத்தவனானாலும் அவன் நம்மவன். கூடி நின்று கேட்போம்!