ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ்?

கேள்வி: 'எங்கள் ஊரில் நெல்லும் பட்டுத்தறியும்தான் பிழைப்பு. குழுவுக்கு இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கூலிக் கணக்கு, ஜரிகை வரவு, சேலை டிசைன் எல்லாம் அதில்தான். கடைக்காரர் வருடா வருடம் ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்கிறார். அவசியமா? எதை வாங்குவது?'
- காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்து வாசகி

பதில்: காசை எடுக்கும் முன், உங்கள் கம்ப்யூட்டரில் என்ன விண்டோஸ் இருக்கிறது என்று பாருங்கள் அம்மா. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் 'டிஃபெண்டர்' என்ற ஆன்டிவைரஸ் இலவசமாகவே கூட வருகிறது. ஒற்றைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் குழுவுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் விண்டோஸ் ஒரிஜினலாக இருக்க வேண்டும். 'கிராக்' போட்ட விண்டோஸில் பல சமயம் டிஃபெண்டரையே அணைத்து வைத்திருப்பார்கள்.

2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகத்தையே ஆட்டியபோது, கேரளாவில் வயநாடு மாவட்டம் தரியோடு ஊராட்சி அலுவலகக் கம்ப்யூட்டர்களும் மாட்டிக்கொண்டன. ஃபைல்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன. திறக்க 300 டாலர் கேட்டது திரை. ஊராட்சி அலுவலகத்தில் என்ன புதையலா இருக்கிறது? ஆளைப் பார்த்து வரும் வைரஸ் இல்லை அது. திறந்து கிடந்த கதவில் எல்லாம் நுழைந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. எந்த கம்பெனி ஆன்டிவைரஸ் என்பதைவிட, அப்டேட் ஒழுங்காகப் போகிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஊரில் நெட் மெதுவாக இருந்தால், வாரம் ஓர் இரவு போன் ஹாட்ஸ்பாட் போட்டு விட்டுவிடுங்கள்.

விண்டோஸ் 7 என்றால் 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன் மேல் ஆன்டிவைரஸ் வாங்கிப் போடுவது, கரையான் அரித்த கதவுக்குப் புதுப் பூட்டு மாட்டுவது போலத்தான். அந்தப் பணத்தைப் புது விண்டோஸுக்குச் சேர்த்து வையுங்கள்.

நாலைந்து கம்ப்யூட்டர், பல பேர் கை படுகிறது என்றால் காசு கொடுத்து வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் எல்லாம் நம் நாட்டுத் தயாரிப்புகள். ஒன்று போதும். இரண்டைப் போட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கம்ப்யூட்டர் படுத்துவிடும்.

உங்கள் விஷயத்தில் நான் பயப்படுவது பென் டிரைவுக்குத்தான். டிசைன் ஒரு கடையில், பிரிண்ட் இன்னொரு கடையில் என்று ஊர் சுற்றி வரும் பென் டிரைவை, செருகியதும் 'ஸ்கேன்' செய்யாமல் திறக்கவே கூடாது. வாரக் கூலி போட்ட அன்றே கணக்கை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். தப்பித் தவறி மாட்டினால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வங்கிப் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.