மின்சாரமா? கண்ணாடியா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

முதலாம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் எழுத்துகளின் பிறப்பைப் பற்றிப் பேராசிரியர் பாடம் நடத்தினார். ப், ம் ஆகிய எழுத்துகள் இரண்டு உதடுகளும் பொருந்தினால்தான் பிறக்கும் எனத் தொல்காப்பியம் கூறுவதை விளக்கிவிட்டு, "உதட்டைச் சேர்க்காமல் அம்மா என்று சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார். வகுப்பே முயன்று தோற்றுச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பாடம் ஓராண்டுக்குள் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று அன்று நான் எண்ணவில்லை.

என் தாயார் பேருந்து நிலையத்தில் பூ விற்பவர். பூ, முழம் என்ற இரண்டு சொற்களால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என் கல்லூரிக் கட்டணமும் கட்டப்பட்டது. இரண்டுமே உதட்டில் தொடங்கும் சொற்கள். சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, விடுதியில் இருந்த என்னை அவர் அலைபேசியில் அழைத்தார். 'தம்பி' என்ற சொல்லே வழுக்கிக்கொண்டு வந்தது. "சிக்னல் சரியில்லைம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். உண்மையில் அலைபேசியில் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முகத்தில் ஒரு பாதி அன்று விடியற்காலையில் செயலிழந்திருந்தது.

அண்டை வீட்டார் 'காற்று பட்டுவிட்டது' என்றார்கள். தண்ணீர் மந்திரித்துத் தெளித்தார்கள். நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள்.

மருத்துவர் சொன்ன பெயர் முகவாதம். மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஏழாவதுதான் முக நரம்பு. தேர்வுக்காக அதை நான் நெட்டுருப் போட்டிருந்தேன்! காதுக்கு அருகே எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக அது வருகிறது. அங்கே வீக்கம் கண்டால் விரிய இடமில்லாமல் நரம்பு நசுங்குகிறது. நெற்றி சுருங்காது, கண் மூடாது, வாய் மறுபக்கம் கோணும். 1821-ஆம் ஆண்டில் இந்த நரம்புகளைப் பற்றி ஆராய்ந்து எழுதிய சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரால் இந்நோயை மருத்துவ உலகம் அழைக்கிறது. மூளைத் தாக்கத்தால் வரும் வாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும் என்கிறார்கள். ஆனால் எது எது என்று பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. நம் வேலை அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுவது. இந்த நோயில் பத்தில் ஏழு பேருக்கு மருந்தில்லாமலே முகம் திரும்பிவிடும். ஆயினும் முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பலன் கூடும். ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளை வைத்து நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதத்தில் அம்மாத்திரை உண்டவர்களில் 94 விழுக்காட்டினரும் உண்ணாதவர்களில் 82 விழுக்காட்டினரும் முழுக்கக் குணமடைந்திருந்தனர். அந்த 72 மணி நேரத்தைத்தான் மந்திரத் தண்ணீரும் என் 'சிக்னலும்' தின்றுவிட்டன.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

யாரோ சொன்னார்கள் என்று நகரில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனோம். 'கரண்ட் வைத்தால்' சரியாகும் என்றார்கள். ஒரு முறைக்கு 200 ரூபாய் வீதம் பதினைந்து முறை. கூடவே பலூன் ஊதச் சொன்னார்கள். பபுள்கம் மெல்லச் சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தக் கரண்டின் மேல் அளவு கடந்த நம்பிக்கை. "சுரீர்னு இழுக்குது தம்பி, வேலை செய்யுது" என்பார். எங்களைப் போன்ற குடும்பங்களில் வைத்தியம் என்றால் ஊசி குத்த வேண்டும், இயந்திரம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண் என்ற எண்ணம். நானும் அப்படித்தான் எண்ணினேன். பதினைந்து முறை முடிந்தபின் ஒன்றைக் கண்டேன். பலூன் ஊதி ஊதி, நல்ல பக்கம்தான் பலமாக இழுக்கப் பழகியிருந்தது. கோணல் கூடியிருந்தது.

பிறகுதான் மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனைக்கு வந்தோம். அங்கிருந்த இயன்முறைச் சிகிச்சையாளர் அம்மையார் இயந்திரத்தைத் தொடவே இல்லை. "வீட்டுல கண்ணாடி இருக்காம்மா?" என்று கேட்டார். "பலத்தைக் கூட்டாதீங்க. மெதுவா, கொஞ்சமா அசைச்சாப் போதும்" என்றார். அம்மாவின் முகத்தில் ஏமாற்றம் எழுதி ஒட்டியிருந்தது. இதற்கா இரண்டு பேருந்து மாறி வந்தோம்!

ஏன் கண்ணாடி? இதில்தான் என் விலங்கியல் எனக்கு முதன்முறையாகப் பயன்பட்டது. கை கால் தசைகளுக்குள் நீட்சியை உணர்ந்து மூளைக்குச் செய்தி சொல்லும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. ஆகவே கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். முகத்தசைகளில் அவை மிக அரிது. இத்தசைகளில் பல எலும்பில் தொடங்கித் தோலில் முடிகின்றன. ஆகவே உதடு எவ்வளவு அசைந்தது, எந்தப் பக்கம் போனது என்பது முகத்துக்கே சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் மூளைக்குச் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தில் அம்மா வைத்த ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். அவற்றை எடுத்துக் கண்ணாடியின் நடுவே மேலிருந்து கீழாக ஒட்டினேன். மூக்கு நுனி அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். நல்ல பக்கக் கன்னத்தை விரலால் மெல்லத் தடுத்துக்கொண்டு உ, ஈ, ப, ம என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இரு பக்கமும் ஒத்து அசையும் அளவுக்குத்தான் அசைக்க வேண்டும்; அதற்கு மேல் கூடாது. பத்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. ஐப்பசியில் உதட்டோரம் முதன்முதலாகத் துடித்தது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால் அதற்குமுன் அவசரப்பட்டுப் பயனில்லை.

மார்கழியில் புதிய சிக்கல் ஒன்று வந்தது. வாயைக் குவித்தால் கண் தானாகச் சுருங்கியது. திரும்ப வளரும் நரம்பிழைகள் வழி தவறிப் போய், உதட்டுக்குரியது கண்ணிமைக்குச் சேர்ந்துவிடுவதால் வருவது இது. இப்படிப்பட்ட நேரத்தில் முழு வேகத்தில் பயிற்சி செய்தால் இந்தத் தவறான பழக்கமே உறுதிப்படும் என்று அம்மையார் எச்சரித்தார். கண் சுருங்கத் தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி, இளைப்பாறி, மீண்டும் தொடங்கச் சொன்னார். பலூன் ஊதுவது ஏன் தவறு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது தசையை முறுக்கேற்றும் பயிற்சியே அல்ல. குழந்தைக்கு எழுத்துக் கற்பிப்பது போன்றது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். முகவாதத்துக்கான இத்தகைய சிகிச்சைகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, மின்தூண்டல் பயன் தருவதாகச் சான்று காணவில்லை. நாள்பட்ட நோயாளிகளுக்கு முகப்பயிற்சி உதவக்கூடும் என்கிறது. ஆனால் அதற்கும் சான்றின் தரம் குறைவே என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. பயிற்சியால் வாய், நாக்குத் தசைகளை மாற்ற முடியும் என்பதற்கு வேறு துறையிலும் சான்று உண்டு. தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 31 பேரிடம் பிரேசிலில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மூன்று மாதம் நாக்கு, தொண்டை, முகப் பயிற்சி செய்த பிரிவினருக்கு, மணிக்குச் சராசரி 22 முறை இருந்த தடை 14 அளவுக்கு இறங்கியது. எங்கள் விடுதி நண்பர்கள் தாடையைக் கூராக்க வேண்டி இறுகிய பபுள்கம்மைப் பகல் முழுதும் மெல்லுகிறார்களே, அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்! அவர்கள் தாடை எப்போதும்போலத்தான் இருக்கிறது. என் நிம்மதிதான் போயிற்று.

என் வாதம் இதுதான். இந்தச் சிகிச்சைக்குத் தேவை இயந்திரம் அன்று. அருகில் அமர்ந்து திருத்தும் ஓர் ஆள். ஆனால் இயந்திரத்துக்குக் காசு வாங்கலாம், எண்ணிக்கை காட்டலாம். 'மெதுவாகச் செய்யுங்கள்' என்று சொல்வதற்கு யார் காசு கொடுப்பார்? நோயாளிகளாகிய நாமும் கரண்ட்டையே கேட்டு வாங்குகிறோம். மாவட்டத் தலைநகருக்குப் போய் வருவது என்றால் அம்மாவுக்கு ஒரு நாள் வியாபாரம் போயிற்று, பூவும் வாடிற்று. நான் உடன் போனால் எனக்கு வருகைப் பதிவு குறையும். இரண்டு முறை போகாமலே விட்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு செல்ல வழி செய்தார்கள். முடங்கிய கால் கைகளுக்குத் தரும் அதே மதிப்பை முகத்துக்கும் தர வேண்டும் என்பது என் வேண்டுகோள். நடக்க முடிகிறவருக்கு நோய் பெரிதில்லை என்று நினைப்பவர்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஆறு மாதம் பூ விற்ற ஒருவரை வந்து பார்க்கட்டும். 'வாய் கோணின பூக்காரி' என்று அடையாளம் சொல்லி அவரிடம் ஆள் அனுப்பினார்கள். சென்ற விடுதி விழாவுக்குப் பெற்றோரை அழைத்தபோது, "அலைச்சல் வேண்டாம்மா" என்று நானே சொன்னேன். அலைச்சலுக்காகவா சொன்னேன்? அதை அம்மாவும் அறிவார்.

இப்போது மாசி. நெற்றி சுருங்குகிறது, கண் மூடுகிறது, 'ப' தெளிவாக வருகிறது. 'முழம்' என்னும்போது மட்டும் இடக்கண் இன்னும் சற்றே சுருங்குகிறது. வாடிக்கையாளர் சிலர் கண்ணடிப்பதாக நினைக்கிறார்கள் என்று அம்மாவே சொல்லிச் சிரிக்கிறார்.

அந்தப் பயிற்சிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் படத்துடன் எழுதினேன். அம்மையார் பார்த்துச் சிவப்பு மையால் மூன்று வரிகளை அடித்தார். 'முதலில் மருத்துவரைப் பார்க்கவும், இரவில் கண்ணைப் பாதுகாக்கவும்' என்று மேலே எழுதச் சொன்னார். தமிழ்த்துறைப் பேராசிரியர் பிழை திருத்தித் தந்தார். ஒரு நகலை எங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையச் செவிலியர் சுவரில் ஒட்டியிருக்கிறார். இன்னும் பத்துக் கேட்டிருக்கிறார். வேண்டுவோர் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் மாலை நான்கு மணிக்கு மேல் என்னிடம் பெற்றுக்கொள்ளலாம்.